கும்பிடும் ஒரு ரசீதுதான்: 5,208 குறுஞ்செய்திகளை எக்ஸ்எம்எல்லிலிருந்து மீட்ட கதை

நேற்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்குத்தான் எங்கள் சங்கப் பொருளாளரின் உடைந்த போனிலிருந்து குறுஞ்செய்திகளை எடுக்கிற வேலை ஒழுங்காக முடிந்தது. மூன்று சாயங்காலமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் போயிருக்கிறது. செலவு என்று பார்த்தால் மெமரி கார்டு ரீடர் ஒன்று, 180 ரூபாய். அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் 24 வீடு. சங்கத்தின் பொருளாளர் ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டியவர், வாட்ஸ்அப் வைத்துக்கொள்ள மாட்டேன் என்பதில் உறுதியாக இருப்பவர். மாதப் பராமரிப்பு 2,500 ரூபாயை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு "ஜூன் மாதம் அனுப்பிட்டேன் சார்" என்று அவருக்கு ஒரு எஸ்எம்எஸ் தட்டிவிட வேண்டும். அவர் வங்கியிலிருந்து வரும் செய்தியோடு ஒத்துப்பார்த்துவிட்டு ஒரு கும்பிடு எமோஜியைப் பதிலாக அனுப்புவார். அவ்வளவுதான் ரசீது. நான்கு வருஷமாக இப்படியே ஓடியது. போன மாதம் அந்த போன் மாடிப்படியில் விழுந்து திரையில் பாதி கறுத்துவிட்டது. பொதுக்குழுவோ அடுத்த வாரம். இரண்டு வீட்டுக்காரர்கள் தாமதக் கட்டணம் போட்டது தப்பு என்று ஏற்கெனவே கொடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். "தம்பி, எல்லாம் போன்லயே இருக்கு, நீங்கதான் கம்ப்யூட்டர்ல எடுத்துக் குடுக்கணும்" என்று கையில் திணித்துவிட்டுப் போனார்.

திரையின் வேலை செய்கிற பாதியை வைத்துக்கொண்டு, செய்திகளைக் காப்புப்பிரதி எடுக்கிற செயலி ஒன்றை ஓட்டி, மெமரி கார்டில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பை, அதாவது ஒவ்வொரு தகவலுக்கும் பெயர்க்குறி போட்டு எழுதும் உரைக்கோப்பை, இறக்கினேன். 3.1 எம்பி. கார்டு ரீடரில் செருகி என் பழைய மடிக்கணினிக்குக் கொண்டுவந்தேன். அதில் இருப்பது டெபியன் 12, லினக்ஸில் ஒரு வகை.

கோப்பின் அமைப்பு எளிமையானதுதான். மேலே ஒரு வேர் டேக் (கோப்பு முழுவதையும் சுற்றி நிற்கும் பெயர்க்குறி), அதில் மொத்தம் எத்தனை செய்தி என்ற எண்ணிக்கை. உள்ளே ஒவ்வொரு செய்திக்கும் ஒரு டேக், எல்லா விவரமும் அட்ரிப்யூட்டுகளாக, அதாவது டேக்குக்குள் பெயரும் மதிப்புமாக: முகவரி (அதாவது எண்), தேதி, வகை (1 என்றால் வந்தது, 2 என்றால் அனுப்பியது), உடல் (செய்தியின் வாசகம்), இன்னும் பத்துப் பன்னிரண்டு. ஒரு செய்திக்கு ஒரு வரி. கிரெப் என்ற தேடும் கட்டளையை வைத்து எண்ணினேன், 5,209 என்றது. வேர் டேக்கில் 5,208 என்று இருக்கிறது. ஒன்று எங்கிருந்து வந்தது என்று ஐந்து நிமிஷம் முழித்தேன். வேர் டேக்கின் பெயரும் அதே எழுத்துகளில்தான் தொடங்குகிறது, அதையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. தேடும் சொல்லுக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டதும் சரியாகிவிட்டது. வரப்போவதற்கு இது வெள்ளோட்டம் என்று அப்போது தெரியவில்லை.

முதலில் எக்ஸ்எம்எல்லின்ட் போட்டேன். புதிதாக எந்த எக்ஸ்எம்எல் கைக்கு வந்தாலும் முதலில் இதில் விட்டு, வடிவம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்பது என் பழக்கம். திரை முழுக்கப் பிழை கொட்டியது. செல்லாத எழுத்து மதிப்பு 55357, செல்லாத எழுத்து மதிப்பு 56911, மறுபடி 55357. வரியைத் திறந்து பார்த்தால் பொருளாளரின் பதில். உடல் அட்ரிப்யூட்டில் அம்பர்சண்ட், ஹாஷ், 55357, அரைப்புள்ளி, மறுபடி அம்பர்சண்ட், ஹாஷ், 56911, அரைப்புள்ளி. வேறு எதுவும் கிடையாது. கும்பிடு எமோஜி.

விஷயம் இதுதான். யூனிகோட், அதாவது எல்லா எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் முறையில், கும்பிடுவின் எண் 128591. அது 16 பிட்டுக்குள் அடங்காது. அதனால் யூடிஎஃப்-16 என்ற சேமிப்பு முறையில் அதை இரண்டு பாதியாக உடைத்து வைப்பார்கள், 55357 ஒரு பாதி, 56911 இன்னொரு பாதி. செயலி எழுத்து எழுத்தாக எடுத்து எழுதும்போது ஒவ்வொரு பாதியையும் தனித்தனி எழுத்தாக எண்ணி எழுதிவிட்டது. ஜேசான் என்ற இன்னொரு தரவு வடிவத்தில் இப்படி இரண்டு பாதியாக எழுதினால் செல்லும். எக்ஸ்எம்எல்லில் 55296 முதல் 57343 வரை எந்த எண்ணும் எழுத்தே கிடையாது, 1998இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே விதி அப்படித்தான். ஆக, என் கையில் இருப்பது எக்ஸ்எம்எல் மாதிரி தோற்றம் தருகிற, ஆனால் எக்ஸ்எம்எல் அல்லாத ஒன்று. எந்தக் கருவியிடம் கொடுத்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பும். பைத்தானிடமும் கொடுத்துப் பார்த்தேன், அதுவும் அதையே வேறு வார்த்தையில் சொன்னது.

இங்கேதான் முதல் தப்பு. எக்ஸ்எம்எல்லின்ட்டில் ரெக்கவர் என்று ஒரு விருப்பம் உண்டு, பிழை வந்தாலும் முடிந்த வரை மீட்டுக்கொண்டு போகச் சொல்வது. அதைப் போட்டு இன்னொரு கோப்பில் எழுதினேன். அந்தப் புதுக் கோப்பை மறுபடி சோதித்தால் ஒரு பிழை இல்லை. ஆஹா என்று அன்றைக்குப் படுத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் பொருளாளர் அனுப்பிய செய்திகளில் 412க்கு உடலே காலி. செல்லாத எண்ணையெல்லாம் ரெக்கவர் விழுங்கிவிட்டிருக்கிறது, கும்பிடு மட்டுமே இருந்த செய்தியில் அப்புறம் என்ன மிஞ்சும்? நான் மீட்க வந்தது ரசீதுகளை, தூக்கிப் போட்டது அதே ரசீதுகளை. செட் என்ற உரை மாற்றும் கட்டளையை வைத்து அந்த எண்களை அழித்துவிடலாம் என்று கூட நடுவில் யோசித்தேன், அதிலும் இதேதான் நடந்திருக்கும்.

சரி, அழிக்கக் கூடாது, ஒட்ட வேண்டும். கணக்கு சின்னதுதான்: முதல் பாதியிலிருந்து 55296ஐக் கழித்து 1024ஆல் பெருக்கு, இரண்டாம் பாதியிலிருந்து 56320ஐக் கழித்து அதோடு கூட்டு, மொத்தத்தோடு 65536 சேர். கும்பிடுவுக்குப் போட்டுப் பார்த்தேன்: 61 பெருக்கல் 1024 என்றால் 62464, கூட்டல் 591, கூட்டல் 65536, வந்தது 128591. காகிதத்தில் ஒரு தடவை போட்டுப் பார்த்தபோதுதான் நம்பிக்கை வந்தது.

இதை பெர்ல் நிரல்மொழியில் ஒரே வரியாக எழுதினேன், மூன்று தடவை எழுதினேன் என்று சொல்வதுதான் உண்மை. முதல் தடவை 55357 என்ற எண்ணையே நேராகத் தேடினேன், கோப்பில் கண்ணுக்குப் பட்டதெல்லாம் அதுதானே. ஓட்டினால் இன்னும் பிழை. பதினோராம் நம்பர் வீட்டுக்காரர் தோல் நிறம் மாற்றிய கும்பிடு அனுப்புகிறவர். நிறம் என்பது தனி எழுத்து, அதன் முதல் பாதி 55356. இன்னும் சிலவற்றுக்கு 55358. இரண்டாவது தடவை கொஞ்சம் புத்திசாலித்தனமாக இருப்போம் என்று, அடுத்தடுத்து வருகிற எந்த இரண்டு எண் குறியீடு ஆனாலும் பிடி, வரம்புக்குள் இருந்தால் ஒட்டு, இல்லாவிட்டால் அப்படியே விடு என்று எழுதினேன். இதில் 38 இடத்தில் பிழை நின்றது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. செய்தியில் ஒருவர் வரி மாற்றி அடுத்த வரியில் எமோஜி போட்டிருந்தால், புதுவரிக்கான குறியீடு 10ஆம் எண்ணாக முன்னால் நிற்கிறது. என் பெர்ல் வரி, 10ஐயும் 55357ஐயும் ஜோடி என்று பிடித்து, வரம்புக்குள் இல்லை என்று விட்டுவிட்டு, 56911லிருந்து அடுத்த தேடலைத் தொடங்குகிறது. ஜோடி பிரிந்துபோகிறது. கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் நிற்கிறவரை எல்லாம் மாப்பிள்ளை என்று நினைத்த கதை. மூன்றாவது தடவை, முதல் எண் 55 அல்லது 56இல் தொடங்கும் ஐந்து இலக்கமாகவும் இரண்டாவது 56 அல்லது 57இல் தொடங்கும் ஐந்து இலக்கமாகவும் இருந்தால் மட்டுமே பிடி என்று எழுதினேன். ஒட்டிய எண்ணையும் எழுத்தாக மாற்றாமல் குறியீடாகவே, அம்பர்சண்ட் ஹாஷ் 128591 என்றே எழுதவைத்தேன். அப்படிச் செய்தால் பெர்லின் யூனிகோட் வம்புகளுக்குள் போக வேண்டியதில்லை.

இப்போது எக்ஸ்எம்எல்லின்ட் ஒரே ஒரு பிழை காட்டியது. ஒரு செய்தியின் கடைசியில் 55357 மட்டும் தனியாக நிற்கிறது, மறுபாதி இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அந்த இடத்தில் கையால் 65533 என்று போட்டேன், கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் மாதிரி வருமே, அந்த எழுத்து. சோதித்தேன். மௌனம். எக்ஸ்எம்எல்லின்ட் எதுவும் சொல்லாவிட்டால் நல்லது என்று பொருள்.

அடுத்து சிஎஸ்வி, அதாவது பத்திகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் அட்டவணைக் கோப்பு. எக்ஸ்எம்எல்லிலிருந்து வேண்டியதை எடுக்க எக்ஸ்எம்எல்ஸ்டார்லெட் எனக்குப் பழகின கருவி, ஒவ்வொரு செய்திக்கும் எண், ஒரு காற்புள்ளி, தேதி, ஒரு காற்புள்ளி, உடல், புதுவரி என்று அச்சடிக்கச் சொன்னேன். இரண்டு நிமிஷ வேலை, இரண்டு நிமிஷ வேலைக்கு உண்டான லட்சணத்தோடு. "ரூ.2,500 அனுப்பியாச்சு" என்று எழுதியிருந்தால் ஆயிரத்துக்குப் போட்ட காற்புள்ளியில் பத்தி உடைந்து 500 அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. உடலுக்குள் அம்பர்சண்ட் இருந்தால் அதன் குறியீட்டு வடிவமே அச்சாகிறது. எழுத்து வடிவ வெளியீடு வேண்டும் என்று பெரிய டி விருப்பத்தைப் போட்டால் இரண்டாவது சரியாகும், முதலாவதற்கு மருந்தில்லை. சிஎஸ்வியைக் கையால் கட்டக் கூடாது என்று எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும், இருந்தும் ஒவ்வொரு தடவையும் கட்டுகிறேன்.

மேற்கோள் குறியெல்லாம் சரியாகப் போட்டுத் தர ஜேக்யூ என்ற கருவிக்குத் தெரியும். ஆனால் அது ஜேசான் தின்னுகிற பிராணி. நடுவில் எக்ஸ்எம்எல்லை ஜேசான் ஆக்க ஒன்று வேண்டும். ஒய்க்யூ செய்யும் என்று தெரியும், நிறுவினேன், உள்ளீடு எக்ஸ்எம்எல், வெளியீடு ஜேசான் என்று வழக்கமான விருப்பங்களைக் கொடுத்தேன், இப்படி ஒரு விருப்பமே எனக்குத் தெரியாது என்கிற மாதிரி பதில். அரை மணி நேரம் கழித்துப் புரிந்தது, ஒய்க்யூ என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு கருவிகள் உலவுகின்றன. ஒன்று கோ மொழியில் எழுதியது, நான் அலுவலகத்தில் பயன்படுத்துவது. டெபியனின் களஞ்சியத்தில் இருப்பது பைத்தானில் எழுதியது, ஜேக்யூவைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓடுவது. இதோடு எக்ஸ்க்யூ என்று இன்னொரு கட்டளையும் கூடவே வருகிறது, எக்ஸ்எம்எல்லுக்கு அதைத்தான் கூப்பிட வேண்டும். எக்ஸ்க்யூ என்ற பெயரிலும் சம்பந்தமே இல்லாத இன்னொரு கருவி இருக்கிறது என்பதை அப்புறம் தெரிந்துகொண்டேன். இணையத்தில் கிடைக்கும் எந்த உதாரணத்தையும் எடுத்து ஓட்டுவதற்கு முன்னால் நம்மிடம் இருப்பது எந்த ஒய்க்யூ என்று பார்த்துவிடுங்கள். அடையாளம் சுலபம்: பைத்தான் ஒய்க்யூவின் எக்ஸ்க்யூ அட்ரிப்யூட் பெயருக்கு முன்னால் வெறும் அட் குறி போடும், கோ ஒய்க்யூவின் புதிய பதிப்புகள் கூட்டல் குறியும் அட் குறியும் சேர்த்துப் போடும்.

முழுக் கோப்பிலும் சோதிக்காமல் ஒரு செய்தியை மட்டும் வெட்டி எடுத்து, வேர் டேக்கை நானே கையால் சுற்றி, அதில் முயற்சி செய்தேன். இரண்டு விசித்திரம். ஒன்று, எக்ஸ்எம்எல்லின்ட்டில் அழகுபடுத்திப் பார்க்கலாம் என்று விட்டால் தமிழ் எழுத்தெல்லாம் அம்பர்சண்டும் எண்ணுமாக வந்தது. வெட்டும்போது முதல் வரியை, அதாவது யூடிஎஃப்-8 என்று அறிவிக்கிற வரியை, விட்டுவிட்டேன். அது இல்லாவிட்டால் ஆங்கில எழுத்து தவிர மற்றதையெல்லாம் எண்ணாக எழுதுவதுதான் பாதுகாப்பு என்று அது முடிவு செய்துகொள்கிறது. அறிவிப்பைச் சேர்த்ததும் 'க' மறுபடி 'க' ஆனது.

இரண்டாவது விசித்திரம் கொஞ்சம் வில்லங்கம். ஜேக்யூவில் வேருக்குள் போய், செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, உடலைக் கொடு என்றால், சரத்துக்குள் (எழுத்துத் தொடருக்குள்) சரத்தை வைத்துத் தேட முடியாது என்று பிழை. இந்த ஒன்றுக்கு ஒரு சாயங்காலத்தின் பெரும்பகுதி போனது. ஜேசானில் பட்டியலும் உண்டு, தனிப் பொருளும் உண்டு. எக்ஸ்எம்எல்லில் அந்த வித்தியாசமே கிடையாது. மாற்றுகிற கருவி எப்படி முடிவு செய்யும்? ஒரே பெயரில் இரண்டு டேக் பார்த்தால் பட்டியல், ஒன்று மட்டும் பார்த்தால் தனிப் பொருள். என் மாதிரிக் கோப்பில் ஒரே செய்தி. அதனால் அது பட்டியல் ஆகவில்லை, "ஒவ்வொன்றாக எடு" என்றதும் ஜேக்யூ அந்த ஒரு செய்தியின் அட்ரிப்யூட் மதிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்திருக்கிறது. முழுக் கோப்பில் ஓட்டியிருந்தால் இந்தப் பிழை வந்தே இருக்காது, நானும் கவனித்திருக்க மாட்டேன், பிறகு மாதவாரியாகப் பிரிக்கும்போது ஒரே செய்தி மட்டும் வந்த ஏதாவது ஒரு மாதத்தில் கவிழ்ந்திருக்கும். குறிப்பிட்ட டேக்கை எப்போதும் பட்டியலாகவே வை என்று சொல்ல எக்ஸ்க்யூவில் ஒரு விருப்பம் இருக்கிறது. நான் செய்தது அதைவிட மட்டமான வழி, எது வந்தாலும் சதுர அடைப்புக்குள் போட்டுத் தட்டையாக்கு என்று ஜேக்யூவிடம் சொன்னேன். பட்டியலாக வந்தாலும் தனியாக வந்தாலும் ஒன்றுதான்.

தேதிக்கு வருகிறேன், பொதுக்குழுவில் சண்டை நடக்கப்போவதே இதில்தான். மாதம் 10ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால் 100 ரூபாய் தாமதக் கட்டணம். கோப்பில் தேதி இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று மனிதர் படிக்கிற மாதிரி, போனின் மொழியில். போன் தமிழில் இருந்ததால் மாதப் பெயர்கள் தமிழில் வந்திருக்கின்றன, பார்க்க ஆசையாக இருக்கிறது, வரிசைப்படுத்தினால் ஆகஸ்டுக்கு அப்புறம் ஏப்ரல் வருகிறது. இன்னொன்று 13 இலக்க எண், 1970 ஜனவரி 1 முதல் மில்லிவிநாடிகள். அதை 1000ஆல் வகுத்துத் தேதியாக்கினேன். முதலில் சரத்தை எண்ணால் வகுக்க முடியாது என்று திட்டியது, ஏனென்றால் அட்ரிப்யூட் எல்லாமே சரம்தான், எண்ணாக்கச் சொல்ல வேண்டும். அப்புறம் வந்த பட்டியலை எடுத்துக்கொண்டு கீழே போய்ப் பொருளாளரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இந்த ஆறாம் நம்பர், பத்தாம் தேதின்னு போட்டிருக்கு. இல்ல தம்பி. ராத்திரி பன்னண்டு மணிக்கு மேல போன் கத்தி என்னை எழுப்பிவிட்டது. பதினொண்ணு."

அவர் சொன்னதுதான் சரி. 11ஆம் தேதி அதிகாலை 12:40. ஜேக்யூ கொடுத்தது கிரீன்விச் நேரம், அதில் முந்தின நாள் சாயங்காலம் 7:10. ஐந்தரை மணி நேரம், 19800 விநாடி, அதைக் கூட்டாமல் விட்டிருக்கிறேன். நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் நடுவில் வந்த செய்தி எல்லாமே ஒரு நாள் பின்னால் போயிருந்தன. ஆறாம் நம்பர் வீடு என் வீடு என்பதைச் சொல்லிவிடுகிறேன். 100 ரூபாயை அங்கேயே எடுத்துக் கொடுத்துவிட்டு மாடிக்கு வந்து கூட்டலைச் சேர்த்தேன். கார்டு ரீடரோடு சேர்த்தால் செலவு 280.

எண்கள் இன்னொரு தலைவலி. ஒரே ஆள் கூட்டல் 91 போட்டு ஒரு தடவை, பூஜ்யம் போட்டு ஒரு தடவை, வெறும் பத்து இலக்கமாக ஒரு தடவை வருகிறார். கடைசிப் பத்து எழுத்தை மட்டும் எடுத்தால் தீர்ந்தது. 24 வீட்டுக்கு 31 எண், ஒரு சின்ன ஜேசான் கோப்பில் எண்ணுக்கு எதிரே வீட்டு நம்பர் எழுதி ஜேக்யூவிடம் கொடுத்தேன். இந்த 31 எண்களின் செய்திகளும் வங்கியின் செய்திகளும் தவிர மற்ற எதையும் திறக்கவில்லை. ஒருவருடைய போன் முழுசும் கையில் இருப்பது நன்றாக இல்லாத உணர்வு, வடிகட்டுவதை முதல் படியாக வைத்ததற்கு அதுவும் காரணம். வங்கிச் செய்தி வேறு மாதிரி. முன்னால் இரண்டு எழுத்து, ஒரு கோடு, அப்புறம் வங்கியின் அடையாளம். முன்னால் உள்ள இரண்டும் எந்த வலையமைப்பு, எந்த வட்டாரம் வழியாக வந்தது என்பதைப் பொறுத்து மாறும், ஆக ஒரே வங்கி ஏழெட்டுப் பெயரில் இருக்கிறது. கடைசி ஆறு எழுத்தை எடுத்தேன், பழையது எல்லாம் சரியாக வந்தது, புதியவை விட்டுப்போயின. சமீபத்திய செய்திகளில் அடையாளத்துக்குப் பின்னால் இன்னொரு கோடும் ஓர் எழுத்தும் ஒட்டியிருக்கின்றன. கோடு கோடாக வெட்டி இரண்டாவது துண்டை எடுப்பதுதான் வழி.

வந்த சிஎஸ்வியில் சங்கச் செய்திகள் 1,846, தலைப்பு ஒன்று, ஆக 1,847 வரி இருக்க வேண்டும். எண்ணினால் 2,107. பிழை இல்லை, செய்திக்குள் இருக்கிற புதுவரிகள் மேற்கோள் குறிக்குள் அப்படியே வந்திருக்கின்றன. லிப்ரேஆபீஸ் அதைச் சரியாகத்தான் படித்தது, ஆனால் வரிகளை எண்ணிச் சரிபார்க்கும் என் பழக்கத்துக்கு அது ஒத்துவரவில்லை. புதுவரியை இடைவெளியாக்கினேன். செயலாளரின் கணினியில் எக்செல்லில் திறந்தபோது தமிழெல்லாம் கொக்கி கொக்கியாகத் தெரிந்தது. கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளை ஒட்டினால் எக்செல் யூடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளும். கைபேசி எண் பத்தியை அறிவியல் குறியீட்டில் காட்டியது, அந்தப் பத்தியே வேண்டாம் என்று தூக்கிவிட்டு வீட்டு நம்பரை மட்டும் வைத்தேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மகன் வாங்கிக் கொடுத்த புது போனோடு பொருளாளர் மறுபடி வந்தார். பழைய செய்திகள் அதில் வேண்டுமாம், விளம்பரமும் ஓடிபியும் வேண்டாமாம். ஜேசான் கையில்தானே இருக்கிறது, வடிகட்டி மறுபடி எக்ஸ்எம்எல் ஆக்கலாம் என்று இறங்கினேன். எக்ஸ்க்யூ திரும்பவும் எக்ஸ்எம்எல் கொடுக்கும், ஆனால் ஒரே வேர் இருக்க வேண்டும், நான் செய்திகளை வரிசையாக விட்டதால் முரண்டு பிடித்தது. வேரைச் சுற்றிக் கொடுத்தேன். வந்ததில் மேலே இருந்த குறிப்புரை காணோம், நடைத்தாள் வரி காணோம், வேரில் எண்ணிக்கை இன்னும் 5,208 என்றே இருக்கிறது. ஒவ்வொன்றாக ஒட்டவைத்துக்கொண்டிருந்தபோது ராத்திரி பத்தரைக்கு உறைத்தது, எக்ஸ்எம்எல்லிலிருந்து எக்ஸ்எம்எல்லுக்குப் போக ஜேசான் ஊர் வழியாக ஏன் சுற்ற வேண்டும்?

எக்ஸ்எம்எல்ஸ்டார்லெட்டின் திருத்தும் கட்டளையில் இரண்டே செயல். முகவரியில் இலக்கமும் கூட்டல் குறியும் இடைவெளியும் கோடும் போக வேறு எழுத்து ஏதாவது மிஞ்சினால், அது எங்கள் வங்கியும் இல்லை என்றால், அந்தச் செய்தியை நீக்கு. அப்புறம் வேரின் எண்ணிக்கையை, மிஞ்சிய செய்திகளை எண்ணி அதால் மாற்று. இலக்கங்களை நீக்கிப் பார்க்க எக்ஸ்பாத்தில் (எக்ஸ்எம்எல்லுக்குள் தேடும் மொழி) டிரான்ஸ்லேட் என்ற செயல்பாடு போதும், ரெகுலர் எக்ஸ்பிரஷன் (வடிவத்தை வைத்துத் தேடுவது) கிடையாதே என்று புலம்ப வேண்டியதில்லை. 5,208 போய் 2,390 ஆனது. குறிப்புரை, நடைத்தாள் வரி, புதுவரிகள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. புது போனில் அதே செயலியில் ஏற்றினேன், கும்பிடு கும்பிடாகவே வந்தது.

அடுத்த தடவை இப்படி ஒன்று வந்தால் மாற்றிச் செய்வேன்: மூலக் கோப்பை முதலில் படிக்க மட்டும் என்று பூட்டுவேன், ரெக்கவர் பக்கமே போக மாட்டேன், ஒவ்வொரு படிக்குப் பிறகும் காலியான உடல் எத்தனை என்று எண்ணுவேன், ஒரு செய்தி, இரண்டு செய்தி, வரி மாற்றி எமோஜி போட்ட செய்தி என்று மூன்று மாதிரிக் கோப்புகளை ஆரம்பத்திலேயே செய்துகொள்வேன். பெர்ல் வரியை ஒரு சின்னக் கோப்பாகச் சேமித்தாயிற்று, ஏனென்றால் புது போனில் எடுத்த காப்புப்பிரதியிலும் அதே 55357 உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஒற்றைப் பாதி. பதினேழாம் நம்பர் வீட்டிலிருந்து வந்த செய்தி. தாமதக் கட்டணம் ஏன் போட்டீர்கள் என்று நீளமாகக் கேட்டு, கடைசியில் ஒரு எமோஜி. 16 பிட் அலகு அலகாக எண்ணினேன், சரியாக 70. யூனிகோட் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்குக் கொள்ளளவே 70தான். முதல் பாதி எழுபதாவதாக ஏறிக்கொண்டது, மறுபாதிக்கு இடமில்லை. 55357இல் தொடங்குகிற எழுத்துகள் 1,024. கும்பிடும் அதில் இருக்கிறது, கட்டைவிரலும் இருக்கிறது, கோபத்தில் சிவந்த முகமும் இருக்கிறது. அவர் கும்பிடுதான் போட்டேன் என்கிறார். பொருளாளர் நம்பத் தயாராக இல்லை. பட்டியலில் அந்தக் கட்டத்தில் கறுப்பு வைரத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.